“யோசனை” என்னும் நோய்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, சந்தைக்கும் கல்விக்கும் பெயர்பெற்ற ஊர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவிலே 1974இல் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. வட இலங்கை மக்களின் உளத்துயர் ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்றென்றால், அதிற் பெரும்பங்கு இப்பல்கலைக்கழகத்தினுடையது.

மனச்சோர்வு என்பது ஏட்டுச் சொல். குடாநாட்டு வீடுகளில் வழங்கும் சொல் “யோசனை”. “பிள்ளை கனக்க யோசிக்குது” என்பாள் தாய். பெருமூச்சு விடுகிறான், தலையிடி என்கிறான் என்பாள். இப்பேச்சை நோயின் குறியாக மதித்துக் கேட்டவர், யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். “மனவடு” என்னும் நூலைத் தமிழில் தந்தவரும் அவரே.

போர் மூண்ட காலத்திற் குடாநாட்டிலே தற்கொலை குறைந்ததென்பது அவர் முதலியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. கேட்போர்க்கு வியப்பாகும். ஆயினும் பிரெஞ்சு அறிஞர் டூர்க்கைம் 1897இலேயே இத்தகைய போக்கைக் குறித்திருந்தார்: பொதுவான ஆபத்து மக்களை ஒன்றுசேர்க்கும், தனிமை தளரும். போரைப் புகழ்வதற்கன்று இது. தனிமையின் கொடுமையை அளப்பதற்கு.

நாடு முழுவதையும் நோக்கினால் நிலைமை அச்சந் தருவதாயிருந்தது. 1950இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 6 ஆக இருந்த தற்கொலை வீதம் 1995இல் 47 அளவுக்கு உயர்ந்தது. மாண்டவருள் இளையோர் மிகப் பலர். தற்கொலை முயற்சியோ 19ஆம் நூற்றாண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். பிழைத்த பிள்ளையை மருத்துவரிடம் காட்டவும் பெற்றோர் பொலிசுக்கு அஞ்சினர். 1997இல் அமைந்த சனாதிபதி குழுவின் முயற்சியைத் தொடர்ந்து 1998இல் அவ்விதி நீங்கியது. கொடிய நச்சுப் பூச்சிகொல்லிகளும் தடைசெய்யப்பட்டன. பத்தாண்டளவில் வீதம் ஏறத்தாழப் பாதியாயிற்று.

இவ்வெற்றியை அளவறிந்தே மெச்சவேண்டும். இறப்புக் குறைந்ததேயன்றி முயற்சிகள் அவ்வாறு குறையவில்லை. இறக்கும் எண்ணத்தின் உச்சம் பலருக்குச் சிறிது நேரமே நிற்பது; அவ்வேளையிற் கொடிய பொருள் கைக்கெட்டாதிருந்தால் உயிர் தப்பும். தப்பிய பின்னும் துயர் அங்கேயே இருக்கும்.

கட்டிளமைப் பருவத்தில் அத்துயர் எப்போதும் அழுகையாக வருவதில்லை. எரிச்சலாக வரும், விளையாட்டை விடுதலாக, உறக்கக் கேடாக, வகுப்பிற் பின்னடைவாக வரும். ஆசிரியர் அதனைச் சோம்பல் என்பர், வீட்டார் திமிர் என்பர். உயர்தரப் பரீட்சையே எல்லாவற்றுக்கும் காரணமென்று முடிகட்டுவதும் தவறு. காரணம் ஒன்றாயிருப்பது அரிது. “நான் எல்லாருக்கும் பாரம்” என்ற பேச்சும், விருப்பமான பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடுதலும் கூடுதலான எச்சரிக்கைகள். முன்னொருமுறை முயன்ற பிள்ளைக்கு ஆபத்து மிகப் பெரிது. “சும்மா வெருட்டினது” என்று அதனைத் தள்ளும் வழக்கம் கொடிது.

“சாகவேண்டும் போல இருக்கிறதா?” என்று நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பெற்றோர் பலர் தயங்குவர். ஆராய்ச்சிகள் அவ்வச்சத்தை ஆதரிக்கவில்லை. கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆறுதலே உண்டாகிறது. ஆம் என்று பிள்ளை சொன்னால் அதனைத் தனியே விடாது உடனிருந்து, வீட்டிலுள்ள நச்சுப் பொருள்களையும் மருந்துகளையும் அப்புறப்படுத்தி, அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் பேசலாம்.