கப்பலில் வந்த மதிப்பு: சிங்கப்பூரின் பழைய கார்களும் காப்புறுதியும்

பழைய கார் ஒன்றுக்குக் காப்புறுதி தேர்ந்தெடுக்கும்போது எழும் முதற்கேள்வி, அதன் மதிப்பை யார், எப்போது முடிவுசெய்கிறார் என்பதே. கார் அழிந்த பின் சந்தையை விசாரித்து முடிவுசெய்யும் தொகை 'சந்தை மதிப்பு' எனப்படும். அழிவுக்கு முன்பே உரிமையாளரும் நிறுவனமும் இசைந்து பாலிசியில் எழுதிவைக்கும் தொகை 'ஒப்புக்கொண்ட மதிப்பு' எனப்படும். பின்னது காரைவிட மூத்த வழக்கமாகும். நடுக்கடலில் மூழ்கிய கப்பலை மீட்டெடுத்து விலை பார்க்க இயலாத காரணத்தால், புறப்படும் முன்பே அதன் மதிப்பைக் குறித்துவைக்கும் முறை கடல் வணிகத்தில் நெடுங்காலம் நிலவியது. இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுக் கடல்சார் காப்புறுதிச் சட்டம், மோசடி இல்லாத வரை அவ்வாறு குறித்த தொகையே இறுதியானது என்று வரையறுத்தது.

அச்சட்டம் பின்னர் சிங்கப்பூருக்கும் உரியதாயிற்று என்பதில் வியப்பில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த ஐரோப்பிய வணிக நிறுவனங்கள், வெளிநாட்டுக் காப்புறுதி நிறுவனங்களின் முகவர்களாக இயங்கிக் கப்பல்களுக்கும் சரக்குகளுக்கும் பாதுகாப்பு விற்று வந்தன. இத்துறைமுக நகருக்கு 1896இல் வந்திறங்கிய பென்ஸ், சிங்கப்பூரின் முதல் காராயிற்று. சார்ல்ஸ் பர்ட்டன் பக்லி என்பவர் ஓட்டிய அந்த வண்டிக்கு ஊரார் 'காப்பி இயந்திரம்' என்று பெயரிட்டனர். லண்டன் லாய்ட்ஸ் சந்தையிலும் கப்பல் காப்புறுதியில் பழகியவர்களே காருக்கும் பாலிசி எழுதத் தொடங்கியதால், தொடக்க கால ஆவணங்களில் கார் என்பது தரையில் செல்லும் கப்பலாகவே குறிக்கப்பட்டதென்று காப்புறுதி வரலாறு கூறும்.

ஆயினும் கார் பெருகியதும் கவலை வண்டியிலிருந்து வழிப்போக்கர் பக்கம் திரும்பியது. பிரிட்டன் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் மூலம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியை, அதாவது வண்டியால் பாதிக்கப்படும் பிறருக்கான இழப்பீட்டு ஏற்பாட்டை, கட்டாயமாக்கியது. சிங்கப்பூரில் இக்கடமையை வகுத்துள்ள 1960ஆம் ஆண்டுச் சட்டம் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் மட்டுமே காப்பு கோருகிறது. சொந்த வண்டியின் சேதம் உரிமையாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. பழைய காருக்கான தேர்வு முழுவதும் இந்த விருப்பப் பகுதிக்குள்தான் அடங்கியிருக்கிறது.

உலகின் பிற இடங்களில் காரின் மதிப்பைத் தேய்மானமும் அருமையும் தீர்மானிக்க, சிங்கப்பூரில் அரசின் கொள்கையும் அதில் பங்கெடுத்தது. 10 ஆண்டுக்குள் வண்டியைப் பதிவிலிருந்து நீக்கிப் புதியது வாங்குவோருக்குப் பதிவுக் கட்டணத்தைக் குறைக்கும் சலுகை 1975இல் வந்தது. 1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை தொடங்கி, 10 ஆண்டுக்குச் செல்லும் வாகன உரிமைச் சான்றிதழை, அதாவது சிஓஇயை, ஏலத்தில் எடுத்த பின்னரே கார் வாங்க இயலும் என்ற நிலை ஏற்பட்டது. இவ்வாறு ஒரு காரின் விலையில் இரும்பின் மதிப்போடு அனுமதியின் மதிப்பும் கலந்தது. சான்றிதழைப் புதுப்பித்துக் காரை வைத்துக்கொள்வோர் முந்தைய சலுகையை இழப்பதோடு, 10 ஆண்டு கடந்த வண்டிக்குக் கூடுதல் சாலை வரியும் செலுத்த வேண்டியிருந்தமையால், பெரும்பாலான கார்கள் முதுமை காணாமலே ஊரைவிட்டு நீங்கின.

எஞ்சியவற்றுக்கெனத் தனி ஏற்பாடுகள் பின்னர் உருவாயின. 1940ஆம் ஆண்டுக்கு முன் தயாரானவை 'வின்டேஜ்' வகையிலும், குறைந்தது 35 வயதானவை 'கிளாசிக்' வகையிலும் சேர்ந்தன. கிளாசிக் திட்டத்தில் பதிவான காரை ஆண்டில் 45 நாள் மட்டுமே சாலையில் ஓட்டலாம், அதற்கீடாகச் சான்றிதழ் செலவு வழக்கமான தொகையில் 10 விழுக்காடாகக் குறைகிறது. இதன் காப்புறுதி விளைவு கவனிக்கத்தக்கது. முழுத் தொகை செலுத்திப் புதுப்பித்த பழைய காரில் அனுமதியின் மதிப்பு நாளுக்கு நாள் கரைய, வண்டியின் மதிப்பு ஏறவும் கூடும். கிளாசிக் திட்டக் காரிலோ ஏறக்குறைய வண்டியே மதிப்பு, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க விற்பனைகள் மிகச் சில. முதலாவதற்கு இரு மதிப்புகளையும் பிரித்து எழுதுவது பொருந்தும். இரண்டாவதற்குத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு ஒப்புக்கொண்ட மதிப்பே பொருந்தும்.

இந்தியாவிலும் இதே தீர்வு வேறு வழியில் எட்டப்பட்டது. அங்கு 2002ஆம் ஆண்டு மோட்டார் கட்டண விதிகள், 1940 டிசம்பர் 31க்கு முன் தயாராகி, இந்திய வின்டேஜ் மற்றும் கிளாசிக் கார் சங்கத்தின் சான்று பெற்ற வண்டிகளுக்கு மட்டுமே ஒப்புக்கொண்ட மதிப்பை அனுமதித்து, சொந்தச் சேதத்துக்கான சந்தாவில் 25 விழுக்காடு தள்ளுபடியும் தந்தன. அங்கு சங்கத்தின் சான்று காரின் வயதை உறுதிசெய்ய, சிங்கப்பூரில் அப்பணியைப் பதிவேடே செய்கிறது.

மதிப்புக்கு அடுத்து நோக்க வேண்டியவை பயன்பாட்டு நிபந்தனைகளாகும். அனுமதித்த நாள்களுக்கு அப்பால் ஓட்டினால் சொந்தச் சேதத்துக்கான கோரிக்கை மறுக்கப்படக்கூடும். நிறுவனம் குறித்த பட்டறையில் மட்டுமே பழுது பார்க்க வேண்டுமெனில், அரிய உதிரிபாகம் அங்கே கிடைக்குமா என்ற ஐயம் எழும். சிங்கப்பூர்ப் பாலிசிகள் பல மேற்கு மலேசியாவையும், மலேசிய எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரை தாய்லாந்தையும் உள்ளடக்குவதால், நெடுஞ்சாலைப் பயணம் விரும்புவோர் அவ்வரம்பைப் பார்த்துக்கொள்வது நன்று.

மறைந்ததற்கு விலை கேட்பதன் கடினத்தைச் சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரம் காட்டும். பன்றிப் பண்ணைகளும் படகுத்துறையும் கடலுணவுக் கடைகளுமாக இருந்த அவ்விடம், 1996இல் அறிவிக்கப்பட்ட 'பொங்கோல் 21' திட்டத்தால் அடுக்குமாடி நகராயிற்று. ஒதுக்கீட்டு முறை தொடங்கிய 1990இல் பதிவான கார் 2025இல்தான் கிளாசிக் வயதை எட்டியது. ஆகவே இந்நகரின் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களில் இன்று நிற்கும் கிளாசிக் கார் எதுவும் தனக்கு நிழல் தரும் கட்டடத்தைவிட மூத்ததாகும். பண்ணைகள் இருந்த இடத்துக்குச் சந்தை விலை கேட்பது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் அக்கார் மறைந்தபின் அதன் விலையைக் கேட்பதும். புறப்படும் முன்பே தொகையைக் குறித்துவைத்த பழைய கடல் வணிகர்களின் வழக்கம் இன்னும் நிலைத்திருப்பது அதனால்தான்.