உருகியதால் உருக்கு

கார்த்திகைக் குளிரில் வேங்கிக்கால் வீடுகளில் உறைந்துபோன நெய்யை உருக்க இளஞ்சூடே போதும். நெய் உருகுகிறது, நாம் உருக்குகிறோம். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஆகு, ஆக்கு என்பதுபோல் ககரம் இரட்டித்ததும் செய்பவர் ஒருவர் வந்துவிடுகிறார். உப்பு தண்ணீரில் கரையும், உருகாது. அதை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கரைவதையும் உருகுவதையும் தமிழ் இப்படித் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. மனம் ஒன்றுதான் இரண்டையும் செய்கிறது!

இதே ‘உருக்கு’ பெயர்ச்சொல்லானால் எஃகைக் குறிக்கும். பொன்னும் செம்பும்கூட உருகுபவைதாமே, எஃகுக்கு மட்டும் ஏன் இப்பெயர்?

விடை உலையில் இருக்கிறது. தூய இரும்பு 1538 டிகிரியில்தான் உருகும். துருத்தி ஊதும் நாட்டு உலையில் அவ்வளவு வெப்பம் எழாது. அதில் தாதுவிலிருந்து கிடைத்தது கசடு கலந்த, பஞ்சுபோல் துளைகள் நிறைந்த ஒரு கட்டி. அதைச் சம்மட்டியால் அடித்து அடித்தே இரும்பாக்கினார்கள். அந்த இரும்பு ஒருபோதும் உருகியதில்லை. ஆனால் அதைத் துண்டுகளாக்கி, மரத்துண்டு, இலைகளுடன் மண் மூசையில் இட்டு வாயை மூடிப் பல மணி நேரம் காய்ச்சினால், கரி இரும்பில் ஏறும். ஏற ஏற உருகுநிலை இறங்கும். 4.3 விழுக்காடு கரி சேர்ந்தால் 1147 டிகிரியே போதும். உருக்கில் அவ்வளவு கரி இல்லை. ஒன்று முதல் இரண்டு விழுக்காடுதான். ஆகவே ஏறத்தாழ 1400 டிகிரி வரை மூசையைக் காய்ச்ச வேண்டியிருந்தது. பரங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை தொடங்கிய ஹீத், மூசையில் இட்டவை ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் என்று எழுதி வைத்தார். ஆக, உருகிய இரும்பே உருக்கு. தொழில் நுணுக்கமே பெயராகிவிட்டது.

கன்னடத்திலும் தெலுங்கிலும் இது ‘உக்கு’. பம்பாயிலிருந்து டாக்டர் ஸ்காட் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்து, 1795இல் பியர்சன் லண்டனில் கட்டுரை வாசித்தபோது அது ‘ஊட்ஸ்’ ஆகியிருந்தது; ‘உக்கு’ என்பதைத் தவறாகக் கேட்டதாலோ எழுதியதாலோ வந்த வடிவம் அது என்பது பலர் கருத்து. பின்னர் ஃபாரடே அதன் இரகசியத்தைத் தேடி, 1819இல் அலுமினியமே காரணம் என்று நினைத்தார். அது தவறு, சிறப்பெல்லாம் கரியால் வந்தது.

திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலையில் இன்றும் மாக்னடைட் தாது கிடக்கிறது. தெற்கே, பழைய தென்னாற்காட்டு மேல்சிறுவளூரில், உருக்குக் காய்ச்சிய மூசைகளின் உடைசல்களைச் சாரதா சீனிவாசன் கண்டு 1994இல் வெளியிட்டார். காய்ச்சியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்கள் வைத்த பெயரைத்தான் சேலம் உருக்காலை இன்றும் தாங்கி நிற்கிறது.