சுயாதீன இசை விமர்சனம்

சுயாதீன இசை விமர்சனம் என்பது பெரிய இசைப்பதிவு நிறுவனங்களையோ திரைப்படத் துறையையோ சாராமல் பாடல்களை உருவாக்கும் கலைஞர்கள், இசைக்குழுக்கள் ஆகியோரின் புதிய வெளியீடுகளை விளக்கி மதிப்பிடும் எழுத்து வகையாகும். தனிப்பாடல், நான்கைந்து பாடல்கள் கொண்ட குறுந்தொகுப்பு, முழு இசைத்தொகுப்பு (ஆல்பம்) ஆகிய மூன்றும் இவ்வகை விமர்சனத்துக்கு உட்படுகின்றன.

தமிழில் இசை விமர்சனம் பெரும்பாலும் கருநாடக இசைக் கச்சேரியையும் திரைப்பாடலையும் ஒட்டியே வளர்ந்தது. இவ்விரண்டிலும் அடங்காத சுயாதீன வெளியீடுகளை மதிப்பிடுவதற்கு வேறு அளவுகோல்கள் தேவைப்படுகின்றன. மேலும், ஒரு சுயாதீனப் பாடலை எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், பதிவு செய்தவர் யார் என்பன பரவலாக அறியப்படாமற் போகலாம். ஆகையால் மதிப்பீட்டுடன் ஆவணப்படுத்தலும் இவ்விமர்சனத்தின் பணியாகிறது.

சொல்லும் பொருளும்

சுயாதீன இசை என்பது தனியிசை என்றும், பேச்சு வழக்கில் இண்டி என்றும் குறிப்பிடப்படுகிறது. இச்சொல் முதலில் ஓர் இசை வகையைக் குறிக்கவில்லை. வெளியீட்டு முறையையே குறித்தது. 1977 சனவரியில் இங்கிலாந்தின் பஸ்காக்ஸ் குழு "ஸ்பைரல் ஸ்கிராட்ச்" என்னும் நான்கு பாடல் தட்டைத் தாமே பணம் திரட்டி வெளியிட்டது. ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதையும் அதன் உறையில் அச்சிட்டிருந்தனர். இசைத்தட்டு தயாரிப்பது எவரும் செய்யக்கூடிய வேலையே என்பதை இது பலருக்கு உணர்த்தியது. 1980 சனவரியில் பிரித்தானியாவில் சுயாதீன வெளியீடுகளுக்கெனத் தனி விற்பனைப் பட்டியல் தொடங்கியது. பெரிய நிறுவனங்களின் வழியாக அல்லாமல் விநியோகிக்கப்பட்ட தட்டுகள் மட்டுமே அதில் இடம்பெற்றன. 1986இல் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் இதழ் 22 பாடல்கள் கொண்ட "சி86" ஒலிநாடாவை வெளியிட்டது. இதன் பிறகு இண்டி என்பது கிதார் ஒலி முதன்மை பெறும் ஓர் இசைப் பாணியையும் குறிக்கலாயிற்று.

இந்த இருபொருள் தமிழிலும் காணப்படுகிறது. திரைப்படத்தில் இடம்பெறாத பாடல் எதுவாயினும் அது சுயாதீனப் பாடல் எனப்படுகிறது. சாய் அபயங்கரின் "கட்சி சேர", "ஆச கூட" ஆகிய பாடல்கள் 2024இல் திங்க் இண்டி என்னும் நிறுவன முத்திரையுடன் வெளிவந்தவை. திரைப்படத்தைச் சாராதவை என்ற பொருளில் இவை சுயாதீனப் பாடல்கள். நிறுவனத்தைச் சாராதவை என்ற பொருளில் அல்ல. எந்தப் பொருளில் இச்சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பதைத் தெளிவாக்குவது விமர்சகரின் முதற்கடமைகளுள் ஒன்றாகும்.

மேலைநாட்டுப் பின்னணி

அமெரிக்காவில் ராக் இசை விமர்சனம் 1960களின் நடுப்பகுதியில் உருவானது. 1966இல் கிராடாடி இதழும் 1967இல் ரோலிங் ஸ்டோன் இதழும் தொடங்கப்பட்டன. ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969 முதல் ஒரு பத்திக்குள் இசைத்தட்டை மதிப்பிட்டு, பள்ளித் தேர்வைப் போல எழுத்துத் தரம் வழங்கும் முறையைக் கையாண்டார். 1990களின் நடுப்பகுதியில் ரயன் ஷ்ரைபர் தொடங்கிய பிட்ச்போர்க் இணைய இதழ், சுழியம் முதல் பத்து வரை தசமப் புள்ளியுடன் மதிப்பெண் இட்டது. 2004இல் அவ்விதழ் கனடாவின் ஆர்கேட் பயர் குழுவின் "பியூனரல்" தொகுப்புக்கு 9.7 வழங்கியது அக்குழுவைப் பரவலாக அறியச் செய்தது. அதே ஆண்டில் டிராவிஸ் மோரிசனின் "டிராவிஸ்தான்" தொகுப்புக்குச் சுழியம் வழங்கியது. இத்தகைய மதிப்பெண்கள் சிறு கலைஞரின் வாய்ப்புகளை எவ்வளவு பாதிக்கும் என்ற விவாதத்துக்கு இவ்விரண்டும் எடுத்துக்காட்டுகளாக அமைந்தன.

விற்பனை கைவிட்ட இசையை விமர்சனம் காப்பாற்றியதற்குப் பவர் பாப் வகை சிறந்த சான்றாகும். குறுகிய பாடல்கள், எளிதில் மனத்தில் பதியும் மெட்டு, ஒலித்தடர்ந்த கிதார், பல குரல் இசைவு, அழுத்தமான தாளம் ஆகியவை இதன் இயல்புகள். இப்பெயரை 1967இல் த ஹூ குழுவின் பீட் டவுன்சென்ட் பயன்படுத்தினார். அமெரிக்காவின் மெம்பிசு நகரத்துப் பிக் ஸ்டார் குழு 1972இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. விமர்சகர்கள் அதனைப் பாராட்டினர். ஆனால் விநியோகக் கோளாறுகளால் தட்டு கடைகளுக்குப் போதிய அளவில் சென்று சேரவில்லை. 1974இல் வந்த இரண்டாம் தொகுப்புக்கும் இதே நிலை ஏற்பட்டது. 1978இல் கிரெக் ஷாவின் பாம்ப் இதழ் பவர் பாப்புக்கெனச் சிறப்பிதழ் வெளியிட்டது. 1986இல் பேங்கில்ஸ் குழு பிக் ஸ்டாரின் பாடல் ஒன்றை மீண்டும் பதிவு செய்தது. 1987இல் ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு பிக் ஸ்டாரின் பாடகர் அலெக்ஸ் சில்டனின் பெயரிலேயே ஒரு பாடலை வெளியிட்டது. கடையில் கிடைக்காத தட்டு அடுத்த தலைமுறை இசைஞர்களின் காதுக்கு எட்டியதில் விமர்சகர்களின் எழுத்துக்கும் பங்குண்டு.

தமிழில் இசை விமர்சனம்

தமிழ் இதழ்களில் இசை விமர்சனத்தைப் பொது வாசகரின் வாசிப்புப் பொருளாக்கியவர்களுள் கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி முதன்மையானவர். அவர் 1930களில் ஆனந்த விகடன் இதழில் "கர்நாடகம்" என்னும் புனைபெயரில் கச்சேரிகளை நகைச்சுவையுடன் மதிப்பிட்டு எழுதினார். பிற்காலத்தில் சுப்புடு (பி. வி. சுப்பிரமணியம், 1917–2007) தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய கண்டிப்பான விமர்சனங்களால் அறியப்பட்டார்.

கச்சேரி விமர்சனத்துக்கும் வெளியீட்டு விமர்சனத்துக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. கச்சேரி அன்றே முடிந்துவிடுகிறது. அங்கு இல்லாத வாசகர் விமர்சகரின் சொல்லை நம்ப வேண்டியுள்ளது. பதிவு செய்யப்பட்ட பாடலோ வாசகரிடமும் இருக்கிறது. விமர்சகர் கூறுவதைப் பாடலுடன் ஒப்பிட்டு அவர் உடனே சோதிக்கலாம். எனவே "நன்று", "சுமார்" என்ற தீர்ப்பைக் காட்டிலும், கேட்பவர் கவனிக்கத் தவறியதை எடுத்துக்காட்டும் விளக்கமே இங்கு அதிகம் பயன்படுகிறது.

திரைப்பாடல் விமர்சனம் வேறொரு பழக்கத்தை உருவாக்கியது. திரைப்பாடலுக்கு இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் என்ற வரையறுத்த பங்கீடு உள்ளது. பாடல் எந்தக் காட்சிக்கு உரியது, எந்த நடிகருக்கு உரியது என்பதும் மதிப்பீட்டில் சேர்ந்துகொள்கிறது. சுயாதீன வெளியீட்டில் ஒருவரே எழுதி, மெட்டமைத்து, பாடி, கணினியில் பதிவும் செய்யலாம்; அல்லது குழுவினர் அனைவரும் சேர்ந்து இசையமைக்கலாம். திரைப்பாடலின் அளவுகோலை அப்படியே பொருத்தினால் இவர்களில் சிலர் பார்வையிலிருந்து விடுபட்டுப் போவர்.

தமிழ்ச் சுயாதீன வெளியீடுகள்

திரைப்படத்துக்கு வெளியே தமிழில் இசை வெளியிடுவது புதியதன்று. பக்திப் பாடல்களும் நாட்டுப்புறப் பாடல்களும் ஒலிநாடாக்களாகப் பெருமளவில் பரவியிருந்தன. நாட்டுப்புறவியல் அறிஞர் கே. ஏ. குணசேகரன் (1955–2016) தன்னானே கலைக்குழுவின் வழியாக ஒடுக்கப்பட்டோர் பாடல்களை மேடையேற்றினார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர்தம் கணவரும் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிப் பாடினர். இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்" (1986) திரைப்படம் சாராத கருவியிசைத் தொகுப்பாகும்.

2000க்குப் பிந்தைய வெளியீடுகளில் பின்வருவன குறிப்பிடத்தக்கவை:

- "வல்லவன்" (2006): மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினரின் தமிழ் ராப் தொகுப்பு. இதிலுள்ள "மடை திறந்து" பாடல் இளையராஜாவின் திரைப்பாடல் ஒன்றை அடியொற்றியது.
- "ஹிப் ஹாப் தமிழன்" (2012): ஆதி, ஜீவா ஆகியோரின் ஹிப்ஹாப் தமிழா குழுவின் முதல் தொகுப்பு. இதற்கு முன்னர் இணையத்தில் பரவிய இவர்களது "கிளப்புல மப்புல" பாடல் பெண்களைச் சித்திரித்த விதத்துக்காகக் கண்டனத்துக்கு உள்ளானது.
- "சென்னை புறம்போக்குப் பாடல்" (2017): எண்ணூர்க் கழிமுகத்தின் சீரழிவைப் பற்றிக் கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதி, டி. எம். கிருஷ்ணா கருநாடக இசையில் பாடியது.
- தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்: இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைஞர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய இசைக்குழு. கானா, ராப், ராக் ஆகியவற்றைக் கலந்து சாதி எதிர்ப்பைப் பாடுகிறது. இக்குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெறப்பட்டது.
- "தெருக்குறள்" (2019): பாடலாசிரியரும் ராப் பாடகருமான அறிவு, இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோ ஆகியோரின் தொகுப்பு.
- "மேட் இன் ஜாஃப்னா" (2021): யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால் வெளியிட்டது.

நீலம் பண்பாட்டு மையம் 2020இல் தொடங்கிய "மார்கழியில் மக்களிசை" நிகழ்ச்சி 2021இல் சென்னையுடன் மதுரை, கோவை ஆகிய நகரங்களிலும் நடைபெற்றது. சபாக்களின் கச்சேரிப் பருவமான மார்கழியில் கானா, ஒப்பாரி, பறை, ராப் ஆகியன மேடையேறியதால், எந்த இசை விமர்சனத்துக்கு உரியது என்ற வினாவும் உடன் எழுந்தது.

விமர்சனத்தின் கூறுகள்

ஒரு வெளியீட்டை மதிப்பிடுவோர் பொதுவாகக் கருத்தில் கொள்ளக்கூடியவை:

1. மெட்டும் அமைப்பும்: பல்லவி எப்பொழுது வருகிறது, மீண்டும் வரும்போது என்ன மாறுகிறது, பாடல் தேவைக்கு மேல் நீள்கிறதா என்பன.
2. பாடல் வரிகள்: மொழி யாருடையது, எந்த வட்டார வழக்கு, இசையின் அசைகளுடன் சொற்கள் பொருந்துகின்றனவா என்பன. தமிழின் குறில், நெடில் வேறுபாடு மெட்டுக்காகச் சிதைக்கப்பட்டால் பொருளே மாறக்கூடும்.
3. பதிவும் கலவையும்: தனித்தனியே பதிவான ஒலிகளை உரிய அளவில் சேர்ப்பது கலவை ஆகும். பறையின் அதிர்வு கிதாரின் ஒலியில் மூழ்கிவிட்டால் அது பெரும்பாலும் கலவையின் குறையே, பறை இசைத்தவரின் குறையன்று.
4. தொகுப்பின் வரிசை: பாடல்கள் ஒன்றையொன்று தொடரும் முறை. தனிப்பாடல்களாகவே வெளியிடும் வழக்கம் பெருகியதால் இதன் இடம் குறைந்துள்ளது.
5. மரபுத் தொடர்பு: பாடல் எவற்றிலிருந்து கடன்பெறுகிறது, கடன்பெற்றதை என்ன செய்கிறது என்பன.
6. பங்களிப்பாளர் விவரம்: எழுதியவர், மெட்டமைத்தவர், கருவியிசைஞர், தயாரிப்பாளர், ஒலிப்பொறியாளர் ஆகியோரின் பெயர்கள்.

பெயர்க்குறிப்பும் உரிமையும்

இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு ஆகியவற்றின் உறையில் பங்களிப்பாளர் பெயர்களை அச்சிட இடமிருந்தது. இணைய ஒலிபரப்புச் சேவைகளில் கேட்பவர் கண்ணில் முதலில் படுவது பாடலின் தலைப்பும் முதன்மைக் கலைஞரின் பெயரும் மட்டுமே. ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்தெண்கள் கொண்ட பன்னாட்டுப் பதிவுக் குறியீடு உண்டு. ஆயினும் அது பதிவை அடையாளம் காட்டுமேயன்றி, அதனை யார் எவ்வாறு உருவாக்கினர் என்பதைக் கூறாது.

பெயர்க்குறிப்பு மரியாதை சார்ந்தது மட்டுமன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத்தொகையில் தமக்குரிய பங்கை இழந்துவிடாதவாறு பாதுகாப்பளிக்கிறது. யார் எழுதினார், யார் மெட்டமைத்தார் என்பது தெளிவாக இருந்தால்தான் அப்பங்கு உரியவரைச் சேரும்.

இதன் முக்கியத்துவத்தை "எஞ்சாயி எஞ்சாமி" பாடல் வெளிப்படுத்தியது. மார்ச் 7, 2021 அன்று மாஜா நிறுவனத்தின் வழியாக வெளிவந்த இப்பாடலைத் தீயும் அறிவும் பாடினர். வரிகளை அறிவு எழுதினார். சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பாளராகப் பணியாற்றினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு இதனை உருவாக்கினார். 2021 ஆகத்து மாதத்தில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் இதனைக் கண்டித்தனர். பின்னர் அவ்விதழ் அறிவின் படத்துடன் மின்னட்டை ஒன்றை வெளியிட்டது.

2022 சூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் இப்பாடல் பாடப்பட்டது. பாடலை உருவாக்கியதில் தம் பங்கை விளக்கி அறிவு அறிக்கை வெளியிட்டார். மெட்டு மூவரும் சேர்ந்து அமைத்தது என்றும் வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் கூறினார். தீயும் தனியே விளக்கமளித்தார். 2024 மார்ச்சில், இப்பாடலால் தங்கள் மூவருக்கும் அதுவரை வருவாய் கிடைக்கவில்லை என்று சந்தோஷ் நாராயணன் தெரிவித்தார். மாஜா நிறுவனமும் தன் தரப்பு விளக்கத்தை வெளியிட்டது.

சிக்கல்கள்

சுயாதீன இசையுலகம் சிறியது. இசைஞர், நிகழ்ச்சி அமைப்பாளர், விமர்சகர் ஆகியோர் ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பு அதிகம். நட்பினால் எழுதப்படும் புகழுரை வாசகரை ஏமாற்றுகிறது. கலைஞருக்கும் அதனால் பயனில்லை. மறுபுறம், சொந்தச் செலவில் முதல் வெளியீட்டைக் கொண்டுவரும் குழுவைப் பெருநிறுவனத்தின் செலவில் உருவான பாடலுடன் ஒலித்தரத்தில் ஒப்பிடுவதும் நேர்மையாகாது.

பார்வை எண்ணிக்கையைத் தரமாகக் கொள்வது மற்றொரு சிக்கலாகும். இணையத்தில் ஒரு பாடல் எத்தனை முறை காணப்பட்டது என்பது அதன் பரவலை மட்டுமே காட்டும். நூறு பேர் மட்டும் கேட்ட பாடலையும் கோடிப் பேர் கேட்ட பாடலையும் ஒரே கவனத்துடன் கேட்பது விமர்சகரின் வேலையாகும்.

விமர்சன இதழ்களின் நிலையும் உறுதியானதன்று. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் தன் வார அச்சிதழை 2018இல் நிறுத்தியது. 2024 சனவரியில் பிட்ச்போர்க் மற்றோர் இதழின் நிருவாகத்தின்கீழ் கொண்டுவரப்பட்டு, அதன் பணியாளர் பலர் நீக்கப்பட்டனர். இதழ் நின்றுபோனாலும் அதில் பதிவான பெயர்களும் விவரங்களும் பிற்கால ஆய்வாளருக்கு மூலங்களாகின்றன. கர்நாடகம் எழுதிய விமர்சனங்களைக் கொண்டே 1930களின் கச்சேரி மேடையைப் பற்றிப் பல செய்திகளை அறிய முடிகிறது. தமிழ்ச் சுயாதீன இசைக்கும் அத்தகைய பதிவுகள், கலைஞர்களும் ஒலிப்பொறியாளர்களும் நேரில் கேட்டறியக்கூடிய நிலையில் இருக்கும்போதே எழுதப்பட வேண்டியவையாகும்.