முகவரின் பெயர்

வளைவில் உள்சக்கரம் சிறிய வட்டத்தில் ஓடுகிறது. ஆகவே வெளிச்சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும். குதிரை வண்டியில் இதைச் சாதித்தவர் மியூனிக்கின் லாங்கென்ஸ்பெர்கர். 1818இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் அவருடைய முகவர் ஆக்கர்மன்.

1956இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் புல்வெட்டி எஞ்சினை வைத்து முதல் கார்ட்டைக் கட்டினார். கார்ட்டில் டிஃபரன்ஷியல் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில், ஒரே வேகத்தில் சுற்றுபவை. வளைவில் உள்பக்கத்துப் பின்சக்கரம் எழும்பணும். இல்லாட்டி வண்டி நேரா இழுத்துக்கிட்டுப் போகும். அதை எழுப்புவது ஸ்டியரிங்தான். கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், திருப்பும்போது உள்பக்க முன்சக்கரம் கீழே அழுந்துகிறது. அதே பக்கத்துப் பின்சக்கரம் தரையை விடுகிறது. உள்சக்கரம் எவ்வளவு கூடுதலாகத் திரும்புகிறதோ அவ்வளவு அழுத்தம்.

சக்கரம் உரசாமல் உருளச் சொன்ன பழைய கணக்கு, இங்கே சக்கரத்தையே தூக்குகிறது. டை ராடை வேறு துளைக்கு மாற்றும் மெக்கானிக் இன்றும் ‘ஆக்கர்மன்’ என்கிறார். லாங்கென்ஸ்பெர்கர்னு யாரும் சொல்றதில்லை.