எல்லையூர்ச் சிறார்களின் கைவேலைகள்

நெய்யாற்றின்கரையினின்றும் பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்கு வரும் சாலையிலே இரண்டு மாநிலங்கள் சந்திக்கின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளுக்கு முன்னர் அங்கே அத்தகைய எல்லை ஒன்றும் இல்லை. இரு புறமும் திருவிதாங்கூர்-கொச்சியாகவே இருந்தன. அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைப் பகுதியையும் தமிழர் தலைவர்கள் கேட்டனர். அது கேரளத்திலேயே நின்றது. பெரியவர்களின் இவ்வழக்கு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. நாம் இங்கே எடுத்துக்கொண்டது அதனினும் சிறியதொரு பொருள். அவ்வெல்லைக்கு இருபுறமும் வளர்ந்த சிறுவர் சிறுமியர் தம் கைகளால் எவற்றைச் செய்தனர் என்பதே அது. வரலாற்று நூல்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், குழந்தையின் கையில் திரை ஒன்றைத் தந்துவிட்டுப் பின்னர் அதைப் பறிக்க வழி தெரியாமல் திகைக்கும் நமக்கு, இவ்வரலாறு பயன்படும் என்று கருதுகிறோம்.

முதலில் ஓலையைப் பார்ப்போம். தென் திருவிதாங்கூர் பனையும் தென்னையும் செழித்த நாடு. ஆசான் பள்ளியில் பிள்ளை மணலில் விரலால் எழுதப் பழகியபின், பனையோலையில் எழுத்தாணி பிடித்தான். அதே ஓலை பள்ளிக்கு வெளியே அவனுக்கு விளையாட்டுப் பொருளும் ஆயிற்று. ஓலைத் துண்டில் முள்ளைச் செருகினால் காற்றாடி. தென்னங்கீற்றைச் சுருட்டினால் பீப்பி. நுங்கு தின்றபின் எஞ்சிய இரண்டு கூந்தல்களை ஒரு குச்சியால் இணைத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி. இவற்றுள் நாம் தலையாயதாக மதிப்பது ஓலைப் பந்து. ஈர்க்கு நீக்கிய ஓலைக் கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, ஒருமுறை மேலும் ஒருமுறை கீழுமாகச் செலுத்தி இழுக்க, ஆறு முகங்களோடு கூடிய பந்து உருவாகிறது. எறியும்போது கனமாக இருக்கட்டும் என்று உள்ளே ஒரு கூழாங்கல்லை வைப்பதும் உண்டு. பசையில்லை, ஆணியில்லை, முடிச்சுமில்லை. ஓலை தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இதைக் கண் பாராமலே முடைவதை நாம் கண்டிருக்கிறோம். கணித ஆசிரியர் ஒரு வாரம் செலவிட்டு விளக்கும் கனசதுரம் அவன் விரல்களில் முன்னரே குடியிருந்தது.

இவற்றின் பெயர்களைச் சற்றுக் கேளுங்கள். தமிழில் ஓலைப்பந்து, மலையாளத்திலும் ஏறத்தாழ அதுவே. ஓலைப் பீப்பியும், காற்றாடியும், ஓலைப்பாம்பும் அவ்வாறே. ஒன்றுமில்லாததைக் காட்டி ஒருவனை மிரட்டுவதற்கு, ஓலைப்பாம்பைக் காட்டி அச்சுறுத்துவது என்று மலையாளிகள் சொல்லுவார்கள். ஒரு விளையாட்டுப் பொருள் ஒரு மொழியின் மரபுத்தொடராக மாறவேண்டுமானால், எத்தனை தலைமுறைக் குழந்தைகள் அதை முடைந்திருக்க வேண்டும்! ஆவணங்கள் கிடையாத இடத்தில் இத்தகைய சொற்களே நமக்குக் கல்வெட்டு.

வீட்டு முற்றமும் அவ்வாறே இருந்தது. மார்கழியில் தமிழ் வீடுகளில் கோலமும் பூசணிப்பூவும். ஆவணியில் ஓணத்தையொட்டிப் பத்து நாள்கள் அத்தப்பூ. தும்பையும் முக்குற்றியும் தேடிச் சிறுவர் காலையிலேயே வரப்புகளில் அலைவர். கோலத்தில் புள்ளி பிசகினால் அழித்துப் போடலாம். பூக்களத்தில் வட்டம் கோணினால் பூவை நகர்த்தலாம். மாலைக்குள் இரண்டும் அழிந்துவிடும். மறுநாள் மறுபடியும் வரையலாம் என்ற எண்ணமே குழந்தைக்குத் துணிவைத் தருகிறது.

ஆனால் கைவேலை என்றவுடன் எல்லாம் இனிமை என்று பேசிவிட்டால் அது வரலாறு ஆகாது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேயே பாலராமபுரம் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மா மகாராஜா காலத்தில், தமிழ் நாட்டிலிருந்து நெசவாளர்கள் வரவழைக்கப்பட்டு அங்கே குடியேற்றப்பட்டனர். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு என்னும் பெயர்கள் இன்றும் அவ்வூரில் வழங்குகின்றன. குழித்தறியில் நெய்யும் அவ்வூர்த் துணி 2009-இல் புவிசார் குறியீடும் பெற்றது. நெசவாளர் வீட்டில் நூல் சுற்றுவது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் செய்த வேலை. அப்பிள்ளையின் விரல்களிலும் திறமை இருந்தது. ஆனால் அது விளையாட்டன்று, குடும்பத்தின் கஞ்சி. களைத்தபோது கீழே வைத்துவிட அவனுக்கு உரிமையில்லை.

எல்லைக்கு மறுபுறம் நாகர்கோவிலில் இதினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. லண்டன் மிஷன் சபையைச் சேர்ந்த மால்ட் அம்மையார் 1820-களில் தம் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னலைக் கற்பித்தார். அடிமைக் குடும்பங்களில் பிறந்த சிறுமியர் சிலர் பின்னல் விற்ற பணத்தால் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என்று அச்சபையின் வரலாறு கூறுகிறது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான் என்பதை நினைத்தால், அந்நூலின் வலிமை விளங்கும். இருந்தும் நம் மனம் முழுதும் மகிழவில்லை. ஒரு குழந்தை தன்னைத் தானே மீட்க ஊசி பிடித்த நிலை, அவ்வூசியின் பெருமையா, அந்நாட்டின் சிறுமையா?

அரசினர் பள்ளிகளோ கையை அறவே மறந்தன. கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டுமென்று 1817-இல் ராணி கௌரி பார்வதி பாய் ஆணையிட்டது திருவிதாங்கூரின் பெருமை. ஆனால் பின்னர் வளர்ந்த பள்ளிகள் பெரிதும் எழுத்தையும் கணக்கையுமே நோக்கின. ஓலை ஏட்டின் இடத்தைப் பலகையும் காகிதமும் பிடித்தபோது, பள்ளிக்கும் பனைக்கும் இருந்த கடைசி உறவும் அறுந்தது.

இந்நிலையில் நெய்யாற்றின்கரையில் 1904-இல் பிறந்த ஓர் இளைஞரை நாம் சந்திக்கிறோம். அவர் ஜி. ராமச்சந்திரன். சாந்திநிகேதனில் தாகூரின் நிழலில் பயின்றவர். 1924-இல் டில்லியில் காந்தியடிகளைக் கண்டு, கலையைப் பற்றி அவர் கேட்ட கேள்விகள் யங் இந்தியாவில் வெளிவந்தன. அழகின் வழியே உண்மையைக் காணலாமா என்பது இளைஞரின் வினா. உண்மையை முதலில் தேடுக, அழகு தானே வரும் என்பதே அடிகள் தந்த விடையின் சாரம். ஓவியமும் இசையும் சூழ வளர்ந்த சாந்திநிகேதன் மாணவருக்கு இவ்விடை எளிதில் செரித்திருக்காது என்று ஊகிக்கிறோம்.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகளின் ஆதாரக் கல்வி உருப்பெற்றது. நூற்றல், தச்சு, தோட்டவேலை முதலிய தொழில் ஒன்றின் வழியாகவே குழந்தைக்கு எல்லாப் பாடங்களையும் புகட்டுவது அதன் கருத்து. ராமச்சந்திரனும் டாக்டர் சௌந்தரமும் 1947-இல் திண்டுக்கல்லை அடுத்துச் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியபோது, இக்கல்வி தமிழகத்தில் வேரூன்ற ஓரிடம் கிடைத்தது. எல்லையூர் ஒன்றிலிருந்து சென்றவர் நட்ட செடி அது.

ஆனால் ஆதாரக் கல்வியில் ஒரு முள்ளும் இருந்தது. குழந்தை செய்யும் பொருளை விற்றுப் பள்ளிச் செலவைத் தேடலாம் என்ற எண்ணம் அத்திட்டத்தோடே பிறந்தது. வருவாயை நோக்கினால் கல்வி நலிந்துவிடக்கூடும் என்று, பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் ஹுசேன் குழுவே எச்சரித்தது. 1953-இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் இம்முள்ளை எல்லோருக்கும் காட்டிற்று. பள்ளி நேரம் குறைந்தது. எஞ்சிய நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும் என்றனர். குலக்கல்வி என்று பெயரிட்டு மக்கள் எதிர்த்தனர். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் செய்தது சரியே என்பது நம் எண்ணம். பனையேறியின் மகன் பனையேறவே பிறந்தவன் என்ற விதிக்குக் கைவேலை என்று அழகிய பெயர் சூட்டலாகாது. எனினும் அவ்வெதிர்ப்பின் வேகத்தில், கையால் செய்வது என்பதே தாழ்வு என்ற நினைவும் பல வீடுகளில் தங்கிவிட்டது. நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்குக் களிமண் எதற்கு என்று கேட்கும் பெற்றோர் இன்றும் உளர்.

ஆகவே இவ்விரு வகைகளையும் நாம் பிரித்தறிய வேண்டும். நூல் சுற்றிய பிள்ளையின் வேலைக்குக் கூலியுண்டு. லேஸ் பின்னலுக்கு விலையுண்டு. ஓலைப் பந்தை யாரும் எவர்க்கும் விற்கவில்லை. அதற்குச் சாதியில்லை, மதிப்பெண் இல்லை. மாலையில் வாடினால் ஆட்டுக்குப் போடுவார்கள். பிறப்பாலோ பசியாலோ விதிக்கப்படாமல், குழந்தை தானே விரும்பி எடுத்து, தானே கீழே வைத்த வேலை அது ஒன்றுதான். கலை என்ற சொல்லை இங்கே தயங்காமல் வழங்குவோம்.

2020 ஜூன் முதல் நாள், பெருந்தொற்றின் காரணமாகக் கேரளத்தில் பள்ளியே விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக வீட்டுக்குள் வந்தது. அன்றைய இக்கட்டில் வேறு வழியில்லை, குறை கூறுவதற்கில்லை. ஆனால் பாடம் முடிந்தபின்னும் பல வீடுகளில் திரை அணையவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் திரை ஆகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இலேயே கூறியிருந்தது. ஆகாது என்று சொல்வது எளிது. அம்மணி நேரத்துக்குப் பின் அக்குழந்தை என்ன செய்யும் என்பதே வீட்டாரின் கேள்வி. கடையில் வண்ணப் பெட்டி வாங்கித் தருவது ஒரு விடை. அதில் எல்லாத் துண்டுகளும் முன்பே வெட்டப்பட்டிருக்கும். குழந்தை ஒட்டுவதோடு சரி.

கூரைகள் ஓடாகவும் கான்கிரீட்டாகவும் மாறியபின் கீற்று முடைவோர் குறைந்தனர். பனையும் அருகி வருகிறது. ஆயினும் பாறசாலைப் பக்கத்தில் தென்னை இல்லாத வளவு இன்றும் அரிது. நேயர்களுள் பாட்டியர் எவரேனும் இருந்தால், அவர்களிடம் நாம் கேட்பது இதுவே: இரண்டு பச்சை ஓலைகளை எடுத்து ஈர்க்கை நீக்குங்கள். பேரனிடம் ஒன்றைக் கொடுத்து, மற்றதை நீங்கள் மடியுங்கள். முதற் பந்து கோணலாக வரும். அவிழ்த்துத் திருத்திக் கொடுத்துவிடாதீர்கள். கூழாங்கல்லை அவனே முற்றத்தில் தேடி எடுத்து வரட்டும்.