சிறு திரைக்கு மாற்றிய படம்: மலாக்காவில் கிடைத்த இரு கோப்புகளின் பாடபேதம்

நைஜீரியாவின் கானோ நகரத்து வீடியோ வணிகம் பற்றி பிரையன் லார்கின் 2004இல் எழுதிய கட்டுரையும், 2008இல் வந்த ‘சிக்னல் அண்ட் நாய்ஸ்’ என்ற நூலும் கள்ளப் படிகளைப் பற்றிய பேச்சின் போக்கையே மாற்றிவிட்டன. அதுவரை சட்டத்தின் கண்ணால் மட்டும் பார்க்கப்பட்ட படியை அவர் ஒரு பொருளாகக் கையில் எடுத்துப் பார்த்தார். துபாய் வழியாக வந்த இந்திப் படக் கேசட், அதன் அடியில் ஓடும் விளம்பர வரி, படிக்குப் படி மங்கும் முகம், கரகரக்கும் குரல் எல்லாமே அவருக்குச் சான்றுகள். மங்கலைக் குறையாக ஒதுக்காமல், பார்ப்பவர் அனுபவத்தின் ஒரு பகுதியாகவே அவர் வாசித்தார். கள்ளப் படியை விற்றவர்களின் வலைதான் பின்னாளில் ஹவுசா மொழிப் படங்களுக்கு விநியோகப் பாதையானது என்று அவர் காட்டிய இடத்தில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நம் மலேசியத் தோட்டங்களில் வீடியோ கேசட் புழங்கிய காலத்துக்கும் அவர் சொன்னது அப்படியே பொருந்தும்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. லார்கினின் மங்கல் அடுக்கடுக்காகச் சேர்வது. ஏடு பார்த்து ஏடு எழுதும்போது பிழை கூடுவதுபோல, கேசட் பார்த்துக் கேசட் பதியும்போது படம் தேய்கிறது. அவருடைய வாசிப்பை எண்ணிமக் கோப்புக்கும் நீட்டி, எம்பி4 பிளேயரில் ஓடிய சிறு படத்தையும் “தேய்ந்த படி” என்றே பலரும் எழுதுகிறார்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். கோப்பைப் படியெடுத்தால் அது தேயாது. நூறாவது படியும் முதல் படியும் ஒன்றே. இழப்பு ஒரே ஒரு முறை, மாற்றும் வேளையில் நடக்கிறது. அந்த வேளையில் ஒருவர் கணினி முன் உட்கார்ந்து எதை விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவெடுக்கிறார். ஏடெழுதியின் கைப்பிழையாக இதை வாசிக்கக்கூடாது. பதிப்பாசிரியரின் தெரிவாக வாசிக்க வேண்டும். இதை இரண்டு கோப்புகளைக் கொண்டு நிறுவப் பார்க்கிறேன்.

இரண்டும் ஒரே தமிழ்ப் படம். உரிமை பெறாத படிகள் என்பதால் படத்தின் பெயரையும் வைத்திருந்தவர்களின் பெயரையும் விடுகிறேன். முதல் கோப்பு (இனி ‘அ’), புக்கிட் ஆசாகான் பக்கத்துத் தோட்டத்தின் லயத்து வீட்டிலிருந்து ஜாசின் தாமான் குடியிருப்புக்கு மாறிய குடும்பத்தின் எம்பி4 பிளேயரில் கிடைத்தது. அதன் திரை குறுக்களவில் 1.8 அங்குலம். இரண்டாவது (‘ஆ’), மெர்லிமாவில் ஒரு பழைய கைபேசியின் மெமரி கார்டில் இருந்தது.

‘அ’ ஏஎம்வி வகை. 160 புள்ளி அகலம், 120 புள்ளி உயரம், நொடிக்கு 12 சட்டகம். சீனத்து ஆக்‌ஷன்ஸ் நிறுவனத்தின் சில்லுகளுக்கென்று அமைந்த வகை இது. அந்தச் சில்லுக்குள் இருந்தது 1976இல் வந்த இசட்80 வழிவந்த 8 பிட் செயலி. முந்தைய சட்டகத்தை நினைவில் வைத்து வித்தியாசத்தை மட்டும் கணக்கிடும் வலு அதற்கு இல்லை. அதனால் ஒவ்வொரு சட்டகமும் தனித்தனிப் புகைப்படமாகவே அடுக்கப்படுகிறது. ஒலியோ நொடிக்கு 22,050 மாதிரி, ஒற்றைத் தடம். ஒரு நொடிக்குச் சுமார் 11 கிலோபைட். இரண்டரை மணி நேரப் படத்தில் குரலுக்கு மட்டும் ஏறக்குறைய 99 எம்பி போகிறது. படத்தின் தரத்தைக் குறைத்துக்கொண்டே போகலாம். ஒலிக்குப் போகும் இந்தப் பங்கு குறையாது.

‘ஆ’ 3ஜிபி வகை. 176க்கு 144 புள்ளி. ஒலி ஏஎம்ஆர், நொடிக்கு 8,000 மாதிரி, தொலைபேசிக் குரலுக்கு ஏற்றது. ‘ச’வும் ‘ஸ’வும் ‘ஆ’வில் ஒன்றுபோலக் கேட்கும், ‘அ’வில் பிரிந்து கேட்கும். ‘ஆ’வில் இல்லாத ஒலி ‘அ’வில் இருப்பதால், ‘ஆ’விலிருந்து ‘அ’ பிறந்திருக்க முடியாது. தலைகீழாகவும் முடியாது, ‘ஆ’வில் முழுதாக உள்ள மலாய் வசன வரி ‘அ’வில் இல்லை. ஆனால் இரண்டுக்கும் மூலம் ஒன்றே. படத்தின் நடுவில், ஒரே வசனத்துக்குப் பிறகு, இரண்டிலும் நிறுவனச் சின்னம் மறுபடி தோன்றி மறைகிறது. முதல் வட்டு முடிந்து இரண்டாம் வட்டு தொடங்கும் ஒட்டு அது. விசிடி வட்டைக் கணினியில் போட்டு, எம்பெக்ஏவி என்ற கோப்புறைக்குள் இருக்கும் ‘டாட்’ கோப்புகளை எடுத்து ஒட்டியவர்களுக்கு இந்த வடு பழக்கமானது. மலாய் வரி இருப்பதால் மூல வட்டு மலேசியச் சந்தைக்கென்று வந்தது என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

இனி ‘அ’வின் கீழ்விளிம்பு. இந்தக் கட்டுரைக்குக் காரணமே அந்த விளிம்புதான். அகலத்திரைப் படம் விசிடியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வரும். 288 வரிகளில் படம் பிடிப்பது 163 வரிதான். மலாய் வசனம் கீழ்ப் பட்டையில் நிற்கும். ‘அ’வில் பட்டை இல்லை. கீழ்விளிம்பை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால், பேச்சு வரும்போதெல்லாம் மங்கிய வெள்ளைப் புள்ளிகள் சில தோன்றி மறைகின்றன. முதலில் நானும் இதை ‘தேய்வு’ என்றுதான் எடுத்துக்கொண்டேன். ‘ஆ’வைப் பக்கத்தில் ஓடவிட்டபோது விளங்கியது. அவை மலாய் வசனத்தில் உயரத் தண்டுள்ள ரோமன் எழுத்துகளின் நுனிகள். எழுத்தின் உடல் வெட்டுப்பட்டு, தலை மட்டும் நின்றிருக்கிறது.

பட்டையை நீக்க இரண்டு வழி உண்டு. படத்தை மேலும் கீழும் இழுக்கலாம். ஆட்கள் ஒல்லியாக நீண்டுபோவார்கள். அல்லது பக்கங்களை வெட்டலாம். ‘அ’வில் முகங்கள் நீளவில்லை, பக்கங்கள்தான் போயிருக்கின்றன. கணக்குப்படி அகலத்தில் நூற்றுக்கு 43 பங்கு. இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் இருவருமே சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். நடுவிலுள்ள சுவர் தெரிகிறது, குரல் கேட்கிறது. இதைப் பாழ் என்று சொல்வது எளிது. ஆனால் 1.8 அங்குலத் திரையின் உயரம் சுமார் 27 மில்லிமீட்டர். பட்டையோடு விட்டால் படத்துக்குக் கிடைப்பது 15 மில்லிமீட்டர்தான். அதில் மனித முகம் உளுந்தளவு. முகம் தெரிய வேண்டும் என்றால் பக்கத்தை இழக்க வேண்டும், மலாய் வரியையும் இழக்க வேண்டும். வசன வரியின் துணையில்லாமல் தமிழ் புரிந்துகொள்ளும் பார்வையாளரை மனத்தில் வைத்தவர் செய்த பேரம் இது.

இது மென்பொருள் தானே செய்த வேலையாக இருக்கக்கூடாதா? இந்தக் கேள்வியை என்னிடம் மூன்று நண்பர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. பிளேயரோடு பெட்டியில் வந்த 8 சென்டிமீட்டர் சிறு வட்டின் மாற்றியில் ‘முழுத்திரை’ என்ற ஒரு சொடுக்கு இருந்திருக்கலாம். என் பதில் கறுப்புக் கோடுகளில் இருக்கிறது. அத்தகைய சொடுக்கு மேலும் கீழும் சமமாக வெட்டும். ‘அ’வில் மேலே கறுப்பு சிறிதும் இல்லை, கீழே மட்டும் மெல்லிய கோடு எஞ்சியிருக்கிறது. எழுத்து நுனிகள் ஒட்டியிருப்பதும் அந்தக் கோட்டில்தான். மூல விசிடியிலேயே படம் கீழிறங்கி இருந்ததோ என்றால், ‘ஆ’ மறுக்கிறது: முழுச் சட்டகத்தையும் காத்துவைத்த அதில் இரண்டு பட்டைகளும் சம அளவு. ஆக, எண்களை யாரோ கையால் கொடுத்திருக்கிறார்கள். கீழே கொஞ்சம் கூட்டிக் கொடுத்தவர் வசன வரியைக் காப்பாற்றப் பார்த்துத் தோற்றாரா, நடிகரின் கால் வெட்டுப்படாமல் இருக்க அப்படிச் செய்தாரா என்பதை ஒரு விளிம்பை வைத்து முடிவு செய்ய முடியாது. முதலாவதுதான் உண்மை என்றாலும் என் வாதம் விழாது. தெரிவு செய்த கை ஒன்று இருந்தது என்பது நிற்கும்.

லார்கினின் கேசட்டிலும் வசன வரி மறைகிறது என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். அங்கே அதை மறைத்தது துபாய் வணிகரின் விளம்பரம். பார்ப்பவர் யாரென்று அவருக்குக் கவலையில்லை. மலாக்காக் கோப்பில் வரி போனது, என் வாசிப்பில், பார்ப்பவர் யாரென்று தெரிந்ததால். இரண்டையும் ஒரே ‘மங்கல்’ என்ற சொல்லுக்குள் அடைத்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

காலத்தைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்ல என்னால் ஆகவில்லை. கோப்பில் இரண்டு நாள்கள் பதிகின்றன: எழுதி முடித்த நாள், இப்போதிருக்கும் இடத்தில் உருவான நாள். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் படியெடுத்தால் விண்டோஸ் முதலாவதை அப்படியே விட்டு, இரண்டாவதைப் புதிதாக இடும். ‘அ’வில் எழுதிய நாள், அந்தப் படம் திரைக்கு வருவதற்கும் முந்தியது! மாற்றிய கணினியின் கடிகார மின்கலம் செத்துப்போயிருந்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. உருவான நாள் நம்பத்தக்கதாகத் தோன்றினாலும், அது படியெடுத்த நாளையே சொல்லும், மாற்றிய நாளைச் சொல்லாது. இரண்டு நாள்களும் பொருந்தாததால், மாற்றிய கணினியும் பிளேயரில் ஏற்றிய கணினியும் வேறுவேறாக இருந்திருக்கலாம். மாற்றியவர் ஜாசினில் இருந்தாரா, மலாக்கா நகரத்தில் இருந்தாரா, மாநிலத்துக்கு வெளியே இருந்தாரா என்பதற்குக் கோப்புக்குள் தடயம் இல்லை. 2005க்கும் 2010க்கும் இடைப்பட்ட காலம் என்று பிளேயரின் வகையை வைத்து வரையறுக்கிறேன். அதற்குமேல் நெருக்க மாட்டேன்.

மூன்றாவது சான்று ஒன்று அலோர் காஜாப் பக்கத்தில் கிடைத்தது. அதே வகைப் பிளேயர், திரையோரம் உடைந்தது. மின்கலம் உப்பிப்போய்விட்டதால் உயிர்ப்பிக்க முடியவில்லை. அதன் நினைவகச் சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டது. மின்சாரம் காணாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதில் எழுதியது மெல்ல அழியும். பற்றவைப்பைக் கழற்றிச் சில்லை நேரடியாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அதைக் கொடுத்திருக்கிறேன். அதிலும் இதே படம் இருந்து, கீழ்விளிம்பில் அதே எழுத்து நுனிகள் தெரிந்தால், ‘அ’ ஒரு குடும்பத்துக்கு மட்டும் மாற்றியதல்ல என்றாகும்.