ஒரு பெட்ரோல் பங்க்கின் மறுவாழ்வு

கனடாவின் மான்ட்ரியல் நகரத்தை ஒட்டி, செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குள் ஒரு தீவு இருக்கிறது. நெடுங்காலம் கன்னியாஸ்திரீகளுக்குச் சொந்தமாக இருந்ததால் பெயரே கன்னியாஸ்திரீகள் தீவு. 1962இல் ஷாம்ப்ளேன் பாலம் திறந்தது. பிறகு அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்தன, கார்கள் வந்தன. காருக்குப் பெட்ரோல் போட ஒரு பங்க்கும் வந்தது. அதை வடிவமைத்தவர்தான் ஆச்சரியம்: மீஸ் வான் டெர் ரோ.

நியூயார்க்கின் 38 மாடி சீக்ராம் கட்டடம் இவர் கைவண்ணம். இன்று எந்த ஊரில் கண்ணாடிப் பெட்டி போன்ற அலுவலகத்தைப் பார்த்தாலும், அதன் பூர்வீகம் பெரும்பாலும் இவரிடம்தான் போய் நிற்கும். ஜெர்மனியில் கல்தச்சர் மகனாக 1886இல் பிறந்தவர். பங்க் வேலையை எடுத்தபோது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. (ஓய்வூதியக்காரர்கள் கவனிக்கவும்!) 1969 ஆகஸ்டில் காலமானார்.

பங்க் என்பதற்காக அவர் கைக்கு வந்தபடி போடவில்லை. நீளமான, தாழ்வான ஒரே தட்டைக் கூரை. கறுப்பு வர்ணம் பூசிய இரும்புத் தூண்கள், உத்திரங்கள். கூரையின் அடியில் இரு முனைகளிலும் இரண்டு கண்ணாடி அறைகள்: ஒன்று விற்பனைக்கு, மற்றது கார் பழுது பார்க்க. நடுவே பம்புகள். வரிசையாகக் குழல் விளக்குகள். அவ்வளவுதான்.

2008இல் பங்க் மூடப்பட்டது. மறு வருடமே நகராட்சி அதைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவித்துவிட்டது. இடிக்க முடியாது, சரி; பெட்ரோல் விற்காத பங்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சிக்கல் அங்கேதான். நம் ஊரென்றால் கம்பிவேலி போட்டு, பலகை மாட்டி, பூட்டி வைத்திருப்போம். அவர்கள் எரிக் கோத்தியே என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தார்கள். 2011இல் அது சமூகக் கூடமானது. இளைஞர்களுக்கு ஓர் அறை, முதியவர்களுக்கு ஓர் அறை.

உள்ளே மீஸ் காலத்துத் தளவாடங்கள் போய்விட்டன. இது பழுதுபார்ப்பு அல்ல, வேடம் போடுவது என்று சொல்பவர்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூரையும் தூண்களும் அப்படியே நிற்கின்றன, உள்ளே மனிதர்கள் புழங்குகிறார்கள். பூட்டிய கட்டடம் எத்தனை நாள் தாங்கும்?

பம்புகள் இருந்த இடத்தைக் கோத்தியே கையாண்ட விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நிலத்தடி வெப்பத்தை எடுத்துக் கூடத்தைக் கதகதப்பாக்கக் கிணறுகள் தோண்டினார்கள். கூடத்துக்கு வெளிக்காற்றை இழுக்கும் குழாய்களுக்குப் பம்பின் உருவத்தையே கொடுத்து, பழைய இடத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பங்க்தான்.